புத்தெயோலியில் ஏழு நாள்

அப்போஸ்தலர் பணி நூலின் கடைசி அதிகாரத்தை நாம் பெரும்பாலும் அவசரமாகவே வாசித்து முடித்துவிடுகிறோம். புயலும் கப்பற்சேதமும் முந்தின அதிகாரத்தோடு தீர்ந்துவிட்டன. மால்தா தீவில் கையைக் கவ்விய பாம்பைப் பவுல் உதறிவிட்டார். இனி அவர் உரோமை வந்து சேர்ந்தால் போதும் என்று மனம் முன்னே ஓடுகிறது. இடையில் மூன்று ஊர்ப் பெயர்கள் வருகின்றன. சிரக்கூசாவில் மூன்று நாள். ரேகியுமில் ஒரு நாள். புத்தெயோலியில் ஏழு நாள். வாசகப் பீடத்தில் நிற்கும் இளைஞர்கள் இப்பெயர்களில் நாத் தடுமாறுவதைப் பல ஆண்டுகளாகக் கேட்டிருக்கிறேன். உண்மையைச் சொன்னால், குருமடத்தில் மறைநூல் பயின்ற நானும் இவற்றை மனிதர் வாழும் ஊர்களாக எண்ணியதில்லை. வசனத்தை நிரப்ப வந்த பெயர்களாகவே கருதியிருந்தேன்.

உரோமையில் சில மாதங்கள் தங்கிப் பயிலும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. பாடங்கள் முடிந்தபின் எஞ்சிய நாட்களை இம்மூன்று ஊர்களுக்கென ஒதுக்கினேன். எங்கள் பாட்டிமார் ‘சின்னப்பர்’ என்றே அழைத்துவந்த அந்தப் பெரியவர் சென்ற வழியே, தெற்கிலிருந்து வடக்கு நோக்கிச் செல்வது என் திட்டம். அவர் கைதியாக, நூற்றுவர் தலைவன் யூலியுவின் காவலில் சென்றார். நானோ இரண்டாம் வகுப்புத் தொடர்வண்டியில், பையில் ரொட்டியும் பாலாடைக்கட்டியுமாகச் சென்றேன்.

சிரக்கூசாவின் பழைய நகரம் ஒர்த்தீஜியா என்னும் சிறு தீவு. பாலங்கள் அதைச் சிசிலியோடு இணைக்கின்றன. தீவின் நடுவே பேராலயம் நிற்கிறது. முகப்பை மட்டும் கண்டால், 1693 ஆம் ஆண்டின் நிலநடுக்கத்திற்குப் பின் எழுந்த, வளைவும் சிலையும் மலிந்த 18 ஆம் நூற்றாண்டுக் கட்டடம் என்றே தோன்றும். ஆனால் பக்கத்துத் தெருவில் திரும்பி வடக்குச் சுவரைப் பார்த்தவுடன் நடை தானாக நின்றுவிடுகிறது. சுவருக்குள்ளிருந்து பருத்த கல் தூண்கள் வரிசையாகப் பிதுங்கி நிற்கின்றன. கி.மு. 480 இல் ஹிமேராப் போரில் கார்த்தேஜ் படையை வென்ற கெலோன் என்னும் அரசன் அதேனா தேவதைக்கு எழுப்பிய கோவிலின் தூண்கள் அவை. கி.பி. 7 ஆம் நூற்றாண்டில், சோசிமுஸ் ஆயராய் இருந்த காலத்தில், அக்கோவிலை இடிக்காமலே திருக்கோவிலாக மாற்றினார்கள். தூண்களுக்கு இடையேயிருந்த வெளியைச் சுவரெழுப்பி அடைத்தார்கள். உள்ளறையின் சுவர்களைக் குடைந்து வளைவு வாயில்கள் திறந்தார்கள். கிரேக்கர் வெளியில் நின்று பலியிட்ட இடம் இவ்வாறு மக்கள் உள்ளே கூடும் இடமாயிற்று.

அக்கோவிலின் கதவுகளில் பொன்னும் தந்தமும் இழைத்திருந்ததையும், வெர்ரெஸ் என்ற உரோமை ஆளுநன் அவற்றைச் சூறையாடியதையும் சிசரோ எழுதியிருக்கிறார். ஆதலால் பவுல் வந்தபோது கதவில் பொன் இல்லை, தூண்கள் இருந்தன. அவற்றிற்கு அப்போதே ஐந்நூறு ஆண்டுக்கு மேல் வயது. கப்பலின் மேல்தட்டிலிருந்து பார்த்தாலும் அக்கோவில் அவர் கண்ணில் பட்டிருக்க வேண்டும். அவர் கரையிறங்கினாரா என்று லூக்கா சொல்லவில்லை. சிரக்கூசா மக்களுக்கோ அதில் ஐயமே இல்லை. புனித அருளப்பர் பெயரால் வழங்கும் ஒரு பழங்கோவிலின் நிலவறைக்கு அழைத்துச் சென்று, அவர் போதித்த இடம் இதுவே என்று காட்டுகிறார்கள். மேலே உள்ள அக்கோவிலுக்கு 1693 முதல் கூரை இல்லை, வானம்தான் கூரை.

பேராலயத்தில் என் உள்ளத்தைத் தொட்டது திருமுழுக்குத் தொட்டி. அது ஒரு பழைய கிரேக்கப் பளிங்குக் குடம். விளிம்பில் கிரேக்க எழுத்துகள். அடியில் ஏழு சிறு வெண்கலச் சிங்கங்கள் அதைத் தாங்குகின்றன. யாரோ ஒரு கிரேக்கன் வேறு ஏதோ காரியத்திற்காகச் செதுக்குவித்த கலத்தில் சிரக்கூசாக் குழந்தைகள் ஞானஸ்நானம் பெற்றிருக்கிறார்கள்.

சிசிலியிலிருந்து இத்தாலியின் நிலப்பரப்புக்குச் செல்லும் தொடர்வண்டியை மெசீனாத் துறைமுகத்தில் பெட்டி பெட்டியாகப் பிரித்துக் கப்பலுக்குள் ஏற்றிவிடுகிறார்கள். தண்டவாளமே கப்பலின் வயிற்றுக்குள் நீள்கிறது. இருக்கையை விட்டு எழாமலே கடலைக் கடந்துவிடலாம். ஆயினும் எல்லாரும் எழுந்து மேல்தட்டுக்குச் சென்று காற்று வாங்குகிறார்கள். நானும் சென்றேன். ரேகியுமில் தென்றலுக்காகக் காத்திருந்து, அது வீசியதும் பவுலின் கப்பல் புறப்பட்டதாக லூக்கா குறித்திருப்பது அங்கேதான் எனக்குப் பொருள்பட்டது. குறுகிய அந்த நீரிணையில் நீரோட்டம் சுழித்து ஓடுவதைக் கண்ணாலேயே காணலாம். காற்றின்றி அதைக் கடக்கத் துணிபவர் யார்?

ரேகியும் இன்று ரெஜ்ஜோ. அங்கே பழமையைத் தேடிச் செல்பவர் ஏமாறுவர். 1908 டிசம்பர் 28 ஆம் நாள் விடியுமுன், அரை நிமிடத்திற்குச் சற்று மேலாக நிலம் குலுங்கியதில் மெசீனாவும் ரெஜ்ஜோவும் மண்ணோடு மண்ணாயின; கடலும் எழுந்து வந்தது. பல்லாயிரம் பேர் மாண்டனர். இன்றுள்ள பேராலயம் அதன்பின் எழுந்தது. அதன் முகப்பில், பவுல் இவ்வூருக்கு வந்ததைச் சொல்லும் மறைநூல் வசனத்தை இலத்தீனில் பொறித்திருக்கிறார்கள். ஒரே ஒரு நாள் தங்கியதை மறக்காமல் வாசலிலேயே எழுதிவைத்திருக்கும் ஊர்! உள்ளே ஒரு தூணின் துண்டு பாதுகாக்கப்படுகிறது. மெழுகுதிரி எரிந்து தீரும்வரை பேசிக்கொள்ளுங்கள் என்று பவுலுக்கு அனுமதி தரப்பட்டதாம். திரி தீர்ந்தபின் அது நின்ற கல் தூணே பற்றி எரிந்ததாம். அவர் தொடர்ந்து பேசினாராம். இது செவிவழிக் கதை. நேரம் கடந்தும் மறையுரையை முடிக்காத என்போன்றோருக்கு ஆறுதலான கதை என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

அவ்வூர் அருங்காட்சியகத்தில், 1972 இல் ரியாச்சே கடற்கரையருகே நீருக்கடியில் கண்டெடுக்கப்பட்ட இரண்டு வெண்கல வீரர் சிலைகள் நிற்கின்றன. கி.மு. 5 ஆம் நூற்றாண்டுக் கிரேக்க வேலைப்பாடு. பல நூற்றாண்டு கடலடியில் கிடந்தும் கையின் நரம்புகள் புடைத்து நிற்கின்றன. அவற்றைப் பற்றித் தனியே எழுத வேண்டும்.

ரெஜ்ஜோவிலிருந்து வண்டி நெடுநேரம் மேற்குக் கடலோரமாகவே வடக்கே ஓடுகிறது. சலேர்னோவைக் கடந்ததும் வெசூவியஸ் மலை தென்பட்டது. பவுல் இவ்வழியே கப்பலில் சென்றது கி.பி. 60 அல்லது 61 என்பர் அறிஞர். அப்போது அம்மலை சரிவுகளில் திராட்சைத் தோட்டங்கள் தழைத்த ஒரு பச்சை மலை. அது நெருப்பைக் கக்கும் என்று அடிவாரத்தில் உழுதவர்களும் எண்ணவில்லை. ஏறத்தாழ பதினெட்டு ஆண்டுகள் கழித்து, கி.பி. 79 இல், அது பொம்பேயியைச் சாம்பலில் புதைத்தது. கப்பல் விரிகுடாவுக்குள் நுழைந்த அன்று பொம்பேயியில் ரொட்டிக் கடைகளின் அடுப்பு எரிந்திருக்கும். பிள்ளைகள் தெருவில் ஓடியிருப்பார்கள். தூரத்தில் செல்லும் ஒரு தானியக் கப்பலை யார் ஏறிட்டுப் பார்த்திருப்பார்?

பொம்பேயியில் ஒரு பகல் முழுவதும் நடந்தேன். 1862 இல் ஒரு ரொட்டி அடுப்பைத் திறந்தபோது 81 ரொட்டிகள் கரியாகி அப்படியே உள்ளே இருந்தன என்பதும், அடுத்த ஆண்டு முதல் பியோரெல்லி என்னும் ஆய்வாளர், உடல் மக்கி உண்டான வெற்றிடங்களில் சுண்ணச்சாந்து ஊற்றி மாண்டோரின் உருவங்களை மீட்டெடுத்தார் என்பதும் பலரும் அறிந்தவை. முகத்தைக் கையால் மூடிக் குந்தியிருக்கும் ஒரு மனிதனின் முன் நின்று, இறந்தோர்க்கான செபத்தைச் சொன்னேன். அவன் எத்தெய்வத்தை வணங்கியவனோ, நானறியேன். அதே 1862 இல் அங்கே ஒரு சுவரில் கரியால் எழுதிய வரியில் கிறிஸ்தவர் என்ற சொல் இருப்பதாகச் சிலர் படித்தார்கள். காற்றுப் பட்டதும் கரி விரைவில் அழிந்துபோயிற்று. அது அந்தச் சொல்தானா என்று இன்றும் வாதிடுகிறார்கள். இச்செய்தி அடுத்த ஊரில் எனக்கு மீண்டும் நினைவுக்கு வந்தது.

அந்த அடுத்த ஊரே புத்தெயோலி. இன்றைய பெயர் பொட்ஸுவோலி. நேப்பிள்ஸிலிருந்து மேற்கே அரை மணி நேரப் பயணம். நிலையத்தில் இறங்கியதுமே கந்தக வாடை வீசுகிறது. பவுலின் நாளில் இது உரோமையின் பெருந்துறைமுகங்களுள் ஒன்று. எகிப்தின் கோதுமையைச் சுமந்த அலெக்சாந்திரியக் கப்பல்கள் இங்கேதான் வந்து சேர்ந்தன. அவற்றின் பாய் கண்ணுக்குத் தெரிந்ததும் ஊரே கரையில் திரண்டதைச் செனெக்கா வருணித்திருக்கிறார். பவுல் வந்ததும் அலெக்சாந்திரியக் கப்பலிலேயே. இரட்டைத் தெய்வங்களான கஸ்தோரும் பொல்லுக்ஸும் அதன் சின்னம். இவ்வூரின் எரிமலை மண்ணைச் சுண்ணாம்போடு கலந்தால் நீருக்கடியிலும் இறுகும். உரோமையர் அதைக் கொண்டு கடலுக்குள்ளேயே தூண் எழுப்பி அலைதாங்கி கட்டினார்கள். ‘பொட்சொலானா’ என்று இன்றும் பொறியியலார் சொல்லும் அம்மண்ணுக்கு இவ்வூரின் பெயரே பெயராயிற்று.

இவ்வூரில் நிலம் மூச்சு விடுகிறது என்கிறார்கள். அது வெறும் உவமையன்று. கடற்கரைக்கு அருகே பழைய சந்தைக் கட்டடம் ஒன்று உண்டு. 1750 இல் அங்கே செராப்பிஸ் என்னும் எகிப்தியத் தெய்வத்தின் சிலை கிடைத்ததால், அதைச் செராப்பிஸ் கோவில் என்று நெடுங்காலம் தவறாகவே வழங்கினார்கள். அங்கு மூன்று பளிங்குத் தூண்கள், ஒவ்வொன்றும் நாற்பது அடிக்கு மேல் உயரம், நிமிர்ந்து நிற்கின்றன. அடியிலிருந்து பன்னிரண்டு அடிவரை வழவழப்பு. அதற்கு மேல் ஏறத்தாழ ஒன்பது அடிக்கு, உளுத்த மரம்போலப் பொத்தல். அவை கல்லைத் துளைத்து வாழும் கடற்சிப்பியின் வேலை. அப்படியானால் அத்தூண்கள் அந்த உயரம்வரை கடலில் மூழ்கிக் கிடந்து, பின் நிலத்தோடு மீண்டும் மேலெழுந்திருக்கின்றன, விழவும் இல்லை! அடியில் வழவழப்பாயிருப்பது, அப்பகுதி மண்ணில் புதைந்து சிப்பிக்கு எட்டாமல் இருந்ததால். சார்லஸ் லயல் 1830 இல் வெளியிட்ட தம் நிலவியல் நூலின் முகப்புப் படமாக இத்தூண்களையே வைத்தார். மண்ணுக்கு அடியிலுள்ள வெப்பமும் வளிகளும் நிலத்தை மெல்ல உயர்த்துகின்றன, பிறகு தாழ்த்துகின்றன. 1538 இல் சில நாட்களுக்குள் ஒரு புது மலையே ஊருக்கு அருகில் முளைத்தது.

பெரிய அரங்கமும் இவ்வூரில் இருக்கிறது. இத்தாலியில் அளவால் மூன்றாவது என்பார்கள். விலங்குகளை மேலே ஏற்றிய நிலத்தடி அறைகள் ஏறக்குறைய முழுமையாக எஞ்சியுள்ளன. தியோக்கிளேசியன் காலத்தில், கி.பி. 305 இல், பெனவெந்து ஆயர் புனித சனுவாரியுவும் தோழர்களும் இங்கே விலங்குகளுக்கு இடப்பட்டு, அவை தீண்டாமையால் பின்னர் அருகிலுள்ள சொல்ஃபத்தாரா என்னும் கந்தக மேட்டில் தலை வெட்டப்பட்டார்கள் என்பது மரபு. அவர்களுள் இருவர், ஊத்திக்கேசும் அக்கூசியுவும், இவ்வூரின் சாதாரணப் பொதுநிலையினர். தீர்ப்பு அநீதி என்று உரக்கச் சொன்னதே அவர்கள் செய்த குற்றம்.

அரங்கத்தின் படியில் அமர்ந்து லூக்காவின் அந்த அரை வசனத்தை மீண்டும் வாசித்தேன். புத்தெயோலியில் சகோதரர்களைக் கண்டோம். அவர்கள் வேண்டிக்கொண்டதால் ஏழு நாள் தங்கினோம் என்பது அதன் கருத்து. சகோதரர்களா? யார் அவர்கள்? பவுல் அதற்குமுன் இத்தாலியில் கால் வைத்ததில்லை. இராயப்பர் அதற்குமுன் இங்கு வந்ததாக மறைநூலில் குறிப்பில்லை. ஆயினும் துறைமுகத்தில் விசுவாசிகள் இருந்தார்கள். இவ்வூரில் யூதர் வாழ்ந்ததை யோசேப்பு என்னும் வரலாற்றாசிரியர் குறித்திருக்கிறார்; சில ஆண்டுகள் கழித்து அவரும் கப்பற்சேதத்தில் தப்பி இங்கேயே கரையேறினார். கப்பல் மாலுமி ஒருவனோ, கணக்கெழுதும் அடிமை ஒருவனோ, துணி விற்கும் பெண் ஒருத்தியோ, எருசலேமிலோ அந்தியோக்கியாவிலோ கேட்ட நற்செய்தியை மூட்டையோடு மூட்டையாக இங்கே இறக்கியிருக்க வேண்டும். ஒருவர் பெயரும் நமக்குக் கிட்டவில்லை. சந்தை நிற்கிறது, அரங்கம் நிற்கிறது, அலைதாங்கியின் தூண்கள் இன்றைய துறைமுகத்திற்கு அடியில் இருக்கின்றன. இவர்கள் கூடிய வீட்டின் ஒரு செங்கல்கூட இல்லை. பொம்பேயிச் சுவரின் கரி எழுத்தைப்போல இவர்களும் அழிந்திருப்பார்கள், லூக்கா ஒரு சொல் எழுதாதிருந்தால்.

அந்த ஏழு நாட்களை எண்ணிப்பாருங்கள். வந்திருப்பது விலங்கிட்ட கைதி, கூடவே படைவீரர். அவரை வீட்டுக்கு அழைப்பது ஆபத்தான காரியம். இவர்களோ அழைத்தார்கள், நூற்றுவர் தலைவனிடமும் எப்படியோ இசைவு பெற்றிருக்கிறார்கள். ஏழு நாள் என்றால் ஒரு ஞாயிறும் அதனுள் அடங்குமன்றோ? அப்பம் பிட்டிருப்பார்கள். இன்னுமொன்று: பவுல் நடந்து வருமுன்பே உரோமைச் சபையார் செய்தி அறிந்து, அப்பியு சந்தைவரைக்கும், மூன்று சத்திரம் என்னும் இடம்வரைக்கும் எதிர்கொண்டு வந்தார்கள் என்று லூக்கா தொடர்கிறார். அப்பியு சந்தை உரோமையிலிருந்து 60 கிலோமீட்டருக்கு மேல். செய்தி யார் சொல்லி அனுப்பினார்கள்? இந்த ஏழு நாட்களில் புத்தெயோலிச் சகோதரர்கள் ஆளனுப்பியிருக்க வேண்டும் என்றே நான் நம்புகிறேன். எதிர்கொண்டோரைக் கண்டபோது பவுல் கடவுளுக்கு நன்றி கூறித் துணிவு கொண்டார் என்கிறது நூல். பவுலுக்கும் துணிவு தேவைப்பட்டது. அதைத் தேடிக்கொடுத்தவர்கள் பெயர் தெரியாத இவர்கள்.

பொட்ஸுவோலியின் பேராலயம் துறைமுகத்திற்கு மேலே ஒரு பாறைக் குன்றில் இருக்கிறது. அக்குன்றும் அதன்மேலுள்ள நெருக்கமான பழைய குடியிருப்பும் சேர்ந்து ரியோனே தெர்ரா எனப்படும். 1964 மே மாதத்தில் ஓர் இரவு பேராலயம் தீப்பற்றியது. 17 ஆம் நூற்றாண்டின் பூச்சும் அலங்காரமும் எரிந்து விழுந்தபோது, அவற்றின் உள்ளே மறைந்திருந்த ஒரு முழு உரோமைக் கோவிலின் பளிங்குச் சுவரும் தூண்களும் வெளிப்பட்டன. அகுஸ்துவின் காலத்தில் கல்பூர்னியு என்ற செல்வர் கட்டுவித்தது. கொக்கேயு என்ற கட்டடக் கலைஞர் அமைத்தது. சிரக்கூசாவில் கண்டதுபோலவே, பழைய கோவில் திருக்கோவிலின் வயிற்றுக்குள் பிழைத்திருந்தது.

தீ விபத்துக்குப்பின் ஆறு ஆண்டுகளில் மற்றொரு துன்பம் வந்தது. நிலம் உயரத் தொடங்கியதால், 1970 மார்ச் 2 ஆம் நாள் அக்குன்றின் மக்கள் அனைவரையும், ஏறத்தாழ 3,000 பேரை, அரசினர் வெளியேற்றினர். பெரும்பாலோர் மீனவரும் கூலி வேலை செய்பவரும். இராணுவ வண்டிகள் வந்து நின்றன. பாயும் பாத்திரமும் ஏறின. பின்னர் அவர்களுக்கு ஊருக்கு வெளியே தொயானோ என்னுமிடத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பு கட்டித் தந்தார்கள். அவர்கள் பழைய வீடுகளுக்கு மீளவே இல்லை. 1982 முதல் 1984 வரை நிலம் மீண்டும் ஏறத்தாழ ஆறடி எழும்ப, நகரின் வேறு பகுதியினரும் பல்லாயிரவராகக் குடிபெயர நேர்ந்தது. துறைமுகத்தில் நீர் ஆழம் குறைந்து படகுகள் தரை தட்டின. 2005 முதல் நிலம் மறுபடியும் உயர்ந்துவருகிறது. 2024 மே 20 இல் 4.4 அளவில் நிலம் அதிர்ந்து, மீண்டும் பல குடும்பங்கள் வீடிழந்தன. ஐம்பது ஆண்டு ஆளில்லாப் பங்காகக் கிடந்த குன்றை எண்ணும்போது, பங்குக் குருவாகிய எனக்கு எந்த இடிபாட்டையும்விட அதுவே அதிகம் வலித்தது.

பேராலயம் 2014 மே மாதத்தில் மீண்டும் திறக்கப்பட்டது. பழைய உரோமைத் தூண்களுக்கு இடையே இப்போது கண்ணாடிச் சுவர். ஆர்த்தெமீசியா ஜென்தில்லெஸ்கி என்ற பெண் ஓவியர் தீட்டிய, விலங்குகளிடையே நிற்கும் சனுவாரியுவின் ஓவியம் தன் இடத்துக்குத் திரும்பியிருக்கிறது. பவுல் கரையிறங்கும் காட்சியை லான்பிராங்கோ தீட்டிய ஓவியமும் அங்கே உண்டு. ஞாயிற்றுக்கிழமைத் திருப்பலியில் கூட்டுக்குருவாக நிற்க எனக்கு இடம் தந்தார்கள். குன்றில் இன்றும் பெரும்பாலும் வீடுகள் பூட்டியே கிடக்கின்றன. ஆனால் கோவிலில் மக்கள் இருந்தார்கள். தொயானோவிலிருந்தும் பிற இடங்களிலிருந்தும் வண்டியேறி, மேட்டில் மூச்சு வாங்கி நடந்து வந்தவர்கள்.

திருப்பலி முடிந்ததும் ஒரு மூதாட்டி என்னிடம் வந்தார். இந்தியாவிலிருந்து வந்திருக்கிறேன் என்றதும் என் கையைப் பற்றிக்கொண்டார். இதே கோவிலில் தமக்கு ஞானஸ்நானம் ஆனதென்றும், வெளியேறிய நாளில் தாம் இளம்பெண்ணாய் இருந்ததாகவும், அன்று அடுப்பில் பாதி வெந்த அவரையை அப்படியே விட்டு வந்ததாகவும், அதை நினைத்து நினைத்துத் தம் தாய் சாகும்வரை புலம்பியதாகவும் என் அரைகுறை இத்தாலியத்திற்கு எட்டும்படி மெதுவாகச் சொன்னார். தெரு எந்தப் பக்கம், வீடு எந்தப் பக்கம் என்று கண்ணாடிச் சுவர் வழியே விரல் நீட்டிக் காட்டினார். பிறகு கேட்டார்:

“எத்தனை நாள் தங்குவீர்கள், தந்தையே?”

“நாளைக் காலை புறப்படுகிறேன், அம்மா.”

அவர் முகம் சற்றே சுருங்கியது. “அப்படியா? பவுல் ஏழு நாள் தங்கினாரே!” என்றார்.